புதிதாக வருபவர் அருகில் முதல் இரண்டு வாரம் ஒருவர் இருக்கட்டும்: கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும், இம்மாவட்ட அரசு அலுவலகங்களில் பிரிவுகளைக் கவனித்துவரும் மூத்த அலுவலர்களுக்கும் வணக்கம்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வில் தேறி, கலந்தாய்வில் இந்த மாவட்டத்தைத் தெரிந்தெடுத்து, இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்து எனக்கு ஏழு வாரங்கள் ஆகின்றன. சொந்த ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ளது. நாகர்கோவில் வடசேரியில் அறை எடுத்துத் தங்கி, நாள்தோறும் பேருந்தில் அலுவலகம் சென்று வருகிறேன். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 என்ன சொல்கின்றன என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன். ஆகவே அலுவலகத்தின் பெயரையோ எவருடைய பெயரையோ குறிப்பிடவில்லை. எவர்மீதும் குறை சொல்வதும் என் நோக்கமன்று.

பணியில் சேர்ந்த நாளில், முற்பகல் என்று குறிப்பிட்டுச் சேர்க்கை அறிக்கை கொடுத்தேன். மதிய உணவுக்கு முன்பே எனக்கென்று ஓர் இருக்கையும், ஒரு பீரோவின் சாவியும், சிவப்பு நாடாவால் கட்டிய மூன்று கோப்புக் கட்டுகளும் ஒப்படைக்கப்பட்டன. அந்த இருக்கையில் எனக்கு முன் இருந்தவர் இரண்டு மாதங்களுக்கு முன்பே மாறுதலில் போய்விட்டார். இடைப்பட்ட காலத்தில் வேறொருவர் தம் வேலையோடு சேர்த்துக் கூடுதல் பொறுப்பாக அதைப் பார்த்துவந்தார். இருக்கைக்கு வரும் தபால்களையும் கோப்புகளையும் பதிந்துவைக்கும் ‘தன் பதிவேட்டை’த் திறந்தபோது பதிவுகள் பாதிப் பக்கத்தோடு நின்றிருந்தன. எந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது, எதற்கு நினைவூட்டு அனுப்ப வேண்டும், எது நீதிமன்றத் தவணைக்கு உட்பட்டது என்பவற்றைச் சொல்ல ஒரு துண்டுத்தாள்கூட இல்லை.

தேர்வுக்கு நாங்கள் படிக்காமல் வரவில்லை. 200 வினாக்களில் 100 வினாக்கள் தமிழிலிருந்தே கேட்கப்படுகின்றன. ஆனால் எதற்குக் குறிப்பு எழுதி ஆணை பெற வேண்டும், எதற்கு நேரடியாக வரைவு வைக்கலாம், முடிந்த கோப்பை ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்ற நான்கில் எதில் சேர்க்க வேண்டும் என்பதையெல்லாம் அலுவலகத்தில்தான் கற்க முடியும். பவானிசாகரில் உள்ள அரசுப் பணியாளர் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி உண்டு என்பது உண்மையே. ஆனால் பலருக்கு அதற்கான முறை வருவதற்கே மாதக்கணக்கில் ஆகிவிடுகிறது. அதுவரை மனுக்கள் காத்திருப்பதில்லை. திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தின் மனுக்கள் மறுநாளே எங்கள் மேசைக்கு வந்துசேர்கின்றன.

இரண்டாவது வாரத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் என் கோரிக்கை விளங்கும். விளவங்கோடு வட்டத்தின் மலையோரக் கிராமம் ஒன்றிலிருந்து எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா, பட்டா தொடர்பான மனுவோடு இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். ஆதாரம் கொண்டு வந்திருக்கிறேன் மக்களே என்று சொல்லி, மஞ்சள் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் மேசையில் விரித்தார். மடிப்புகளில் தாள் கிழிந்து, பின்புறம் செலோடேப் ஒட்டப்பட்டிருந்தது. எழுத்து மலையாளம். ஆண்டு 1112, மாதம் மேடம் (நம் சித்திரை) என்று அவரே வாசித்துக் காட்டினார். இந்தப் பகுதியில் ஆதாரம் என்றால் பத்திரம் என்பது எனக்குத் தெரியாது. சான்றைத்தான் சொல்கிறார் என்று எண்ணி, அப்படியானால் பத்திரம் எங்கே என்று கேட்டேன். 1112 என்ற ஆண்டும் புரியவில்லை. விவரம் சொல்லக்கூடிய மூத்தவர் அன்று விடுப்பில் இருந்தார். சரியான தேதியுடன் கூடிய பத்திரத்தைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அவர் எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. தாளை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்.

அது மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு என்பதும், ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824ஐயும் அதன்பின் 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும் என்பதும், ஆகவே அந்தப் பத்திரம் 1937ஆம் ஆண்டினுடையது என்பதும் மறுநாள் அந்த மூத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சொல்லித்தர அவருக்கு ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. மனுவிலிருந்த கைபேசி எண்ணுக்கு நானே பேசி, அந்த அம்மாவை மீண்டும் வரச் சொன்னேன். அந்த ஐந்து நிமிடங்கள் முதல் வாரத்தில் எனக்குக் கிடைத்திருந்தால் அவருக்கு ஒரு நாள் வீணாகியிருக்காது. இதை எண்ணும்போதெல்லாம் மனம் வேதனைப்படுகிறது.

1956 நவம்பர் 1 அன்று, அப்போது சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டோடு இணையும் வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரின் நிர்வாகத்திலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. அந்தக் காலத்து ஆவணங்களில் கொல்லம் ஆண்டு, நிலவரிக் கணக்கில் உடைமையாளர் பெயரிலுள்ள பதிவைக் குறிக்கும் தண்டப்பேர், கிரயத்தைக் குறிக்கும் தீறாதாரம், தானத்தைக் குறிக்கும் இஷ்டதானம் போன்ற வழக்குகள் இன்றும் எதிர்ப்படுகின்றன. பிற மாவட்டங்களிலிருந்து வரும் எங்களுக்கு இவை எந்தப் பாடத்திலும் வந்ததில்லை. இங்கே பிறந்து வளர்ந்த இளைஞர்களிலும் பலருக்கு மலையாளம் வாசிக்க வராது. பவானிசாகர் பயிற்சி மாநிலம் முழுவதற்கும் பொதுவானது என்பதால் இந்த மாவட்டத்திற்கு மட்டும் உரியவற்றை மாவட்ட நிர்வாகம்தான் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. புதிதாகச் சேர்பவரிடம் இருக்கையை முழுப் பொறுப்பாக ஒப்படைப்பதற்கு முன், இரண்டு வாரங்களாவது அனுபவமுள்ள ஓர் உதவியாளரின் அருகில் அவரை அமர்த்த வேண்டும். அப்படிக் கற்றுத்தருபவரின் வேலைப்பளுவையும் அந்த இரண்டு வாரங்களுக்குக் குறைக்க வேண்டும். இதையே நான் மிகவும் வற்புறுத்திக் கேட்கிறேன். என் அலுவலகத்தில் கேட்டால் சொல்லித்தர மனமுள்ளவர்களே அதிகம். ஆனால் காலியிடங்களின் வேலையையும் சேர்த்துச் சுமப்பவர்களிடம் ஒரு நாளில் நான்காவது ஐயத்தைக் கேட்க எங்களுக்குத் தயக்கமாக இருக்கிறது. கேட்கத் தயங்கி நாங்களே செய்துவிடும் தவறு மனுதாரரின் தலையில் போய் விழுகிறது.

மாறுதலில் செல்பவர் நிலுவைக் கோப்புகளின் நிலையை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்த பிறகே விடுவிக்கப்பட வேண்டும். முதல் மாத ஊதியம் தாமதமாவதைப் பற்றியும் சொல்லலாம். ஆனால் சேரும்போதே அது நேர்ந்துவிடலாம் என்று சொல்லிவிட்டால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நாங்கள் வழி செய்துகொள்வோம்.

இந்த ஏழு வாரங்களில் தெரிந்துகொண்ட பழைய ஆவணச் சொற்களையும், கொல்லம் ஆண்டைக் கணக்கிடும் முறையையும் நான்கு பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் பிழைகள் இருக்கக்கூடும். நில ஆவணங்களில் பல்லாண்டு பழகிய ஒருவர் அதைத் திருத்திக் கொடுத்து, மாவட்ட நிர்வாகம் அதை நகலெடுத்து அடுத்த முறை சேர்பவர்களின் கையில் முதல் நாளிலேயே கொடுக்க ஆவன செய்ய வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கு, எவரிடம் ஒப்படைக்கச் சொன்னாலும் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இளநிலை உதவியாளர்,
கன்னியாகுமரி மாவட்டம்.