தலைப்பில் கையெழுத்துப் போடும் முன்: ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் முனைவர் பட்ட நெறியாளர்களாகவும் ஆய்வு ஆலோசனைக் குழு உறுப்பினர்களாகவும் இருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவன். கல்வியியல், வணிகவியல், சமூகப்பணி என்று பல துறை ஆய்வு மாணவர்கள் தரவோடு என்னிடம் வருகிறார்கள். வினாநிரல் கொடுத்து, திரும்ப வாங்கி, எக்செல்லில் ஏற்றி முடித்த பிறகுதான் பெரும்பாலும் வருவார்கள். "சார், இதுக்கு எந்த டெஸ்ட் போடணும்?" என்று ஆரம்பிப்பார்கள். எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால் தலைப்பைச் சொல்வார்கள். தலைப்பு சரி, கேள்வி என்ன என்றால் பதில் வராது. அவர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. கேள்வி இல்லாமலே தலைப்பு பதிவாகிவிடுகிற நடைமுறை நம் கையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவர்கள் கொண்டுவரும் கருதுகோள்கள் உங்களுக்கும் பழக்கமானவைதான். "உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் மாணவியர்க்கும் இடையே கற்றல் மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை." அடுத்ததில் மாணவர் மாணவியருக்குப் பதில் நகர்ப்புறமும் கிராமப்புறமும் வரும். அப்புறம் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, சுயநிதிப் பள்ளி. அப்புறம் பயிற்றுமொழி, பெற்றோர் தொழில், குடும்ப வருமானம். வாக்கியம் மாறாது, பெயர்ச்சொல் மட்டும் மாறும். ஏன் வேறுபாடு இருக்கும் என்று நினைத்தார்கள், ஏன் இருக்காது என்று நினைத்தார்கள் என்பதற்கு ஆய்வேட்டில் ஒரு பத்திகூட இருக்காது. வினாநிரலின் முதல் பக்கத்தில் கேட்ட தனிவிவரங்கள்தான் கருதுகோள்களாக உருமாறியிருக்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை 0.05 மட்டத்தில், அதாவது இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிட ஒவ்வொன்றிலும் ஐந்து சதவீத வாய்ப்பை அனுமதித்து, செய்கிறோம் என்று வையுங்கள். உண்மையில் எதிலுமே வேறுபாடு இல்லையென்றாலும், குறைந்தது ஒன்றாவது "குறிப்பிடத்தக்கது" என்று வர ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அப்படித் தற்செயலாக வந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு முடிவுரையும் பரிந்துரையும் எழுதிவிடுகிறார்கள், சில நேரம் அரசுக்கே. மீதிக்கெல்லாம் "கருதுகோள் ஏற்றுக்கொள்ளப்படுகிறது" என்று வரிசையாகப் போடுகிறார்கள். 1935இல் இன்மைக் கருதுகோள் ("வேறுபாடு இல்லை" என்று தொடங்கும் கருதுகோள்) என்ற பேச்சைக் கொண்டுவந்த புள்ளியியலாளர் ஃபிஷர், அதை மறுக்க முடியும், ஒருபோதும் நிறுவ முடியாது என்றுதான் வைத்தார். ஏற்றுக்கொள்வதற்கு அங்கே இடமே இல்லை.

"வேறுபாடு இல்லை" என்ற வாக்கியத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே வாக்கியம் நம் சென்னையில் உலகத்தின் மருத்துவ நடைமுறையையே மாற்றியிருக்கிறது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இன்றைக்குத் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனிக் காசநோய் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், ஓய்வும் நல்ல சாப்பாடும் சுத்தமான காற்றும் வேண்டும் என்பது அப்போது கேள்வி கேட்காத நம்பிக்கை. ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில். படுக்கைகளோ அதில் சிறு பங்குக்குக்கூடப் போதாது. புது மருந்துகள் வந்துவிட்டன. அப்படியானால் நெரிசலான தெருவில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு வீட்டிலேயே இருந்து ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற அந்த மருந்துகளை விழுங்குகிற நோயாளி, சானடோரியத்தில் அதே மருந்தை விழுங்குகிறவரைவிட மோசமாகிவிடுவாரா? அவர் வீட்டுக் குழந்தைகளுக்குக் கூடுதலாகத் தொற்றுமா?

கேள்வி இவ்வளவுதான். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஓராண்டு சிகிச்சை கொடுத்தார்கள். சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், வீட்டாரையும் தொடர்ந்து பரிசோதித்தார்கள். 1959இல் முடிவு வந்தது: நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டாருக்குத் தொற்று கூடவில்லை. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் அதிகம் கிடைத்தும் இவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஆறு சதவீதத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. அட்டவணையில் போட்டுவிட்டு ஐந்தாண்டு வரை நோயாளிகளைத் தொடர்ந்தார்கள்.

வீட்டுக்கும் சானடோரியத்துக்கும் வேறுபாடு இல்லை என்ற இந்தக் கருதுகோள் தோற்றிருக்க முடியும் என்பதைக் கவனியுங்கள். வீட்டுக் குழு மோசமாகியிருந்தால், குழந்தைகளுக்குத் தொற்றியிருந்தால், கட்டடம் கட்டிப் படுக்கை போடுவதைத் தவிர அரசுக்கு வேறு வழியில்லை என்றாகியிருக்கும். எந்த விடை வந்தாலும் அடுத்து என்ன செய்வது என்பது மாறும். ஒரு ஆய்வுச் சிக்கல் சரியாக வகுக்கப்பட்டிருக்கிறதா என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

தமிழ், வரலாற்றுத் துறை நண்பர்கள் இது எண்ணிக்கைக்காரர்களின் பிரச்சினை என்று நகர்ந்துவிட வேண்டாம். "சங்க இலக்கியத்தில் மக்களின் வாழ்வியல் சிறப்பாகப் பதிவாகியுள்ளது" என்பது போன்ற வரிகள் கருதுகோள் என்ற தலைப்பின் கீழ் வருவதைப் பார்க்கிறேன். இது பொய்யாக வழியே இல்லை; வழியில்லாததை எதற்கு மூன்றாண்டு ஆராய வேண்டும்? 1816இல் இதே சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ், தெலுங்கு சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தது என்ற கருத்தை மறுத்து, தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் தனியொரு குடும்பம் என்றார். சொன்னதோடு நிற்காமல் சமஸ்கிருத வேர்ச்சொற்களையும் தெலுங்கு வேர்ச்சொற்களையும் வரிசை வரிசையாகப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டு பட்டியலும் ஒத்துப்போயிருந்தால் அவர் கூற்று அன்றைக்கே விழுந்திருக்கும். ஒரு புள்ளியியல் சோதனைகூட இல்லாமல் செய்த நல்ல கருதுகோள் ஆய்வு அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா ஆய்வுக்கும் கருதுகோள் தேவையில்லை. சுவடிப் பதிப்பு, வட்டார வழக்குத் தொகுப்பு, ஒரு சமூகத்தோடு இருந்து எழுதும் இனவரைவியல் இவற்றுக்குத் தெளிவான ஒரு கேள்வி போதும். படிவத்தில் கட்டம் இருக்கிறது என்பதற்காகக் கருதுகோளை வலிந்து எழுத வைக்காதீர்கள்.

நான் கேட்பதற்குப் புது அரசாணை எதுவும் வேண்டாம். 2022ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிமுறைப்படி, ஆய்வு முன்மொழிவைப் பார்த்துத் தலைப்பை இறுதி செய்வதும், ஆய்வு வடிவமைப்புக்கு வழிகாட்டுவதும் உங்கள் குழுவின் வேலையே. ஒவ்வொரு பருவமும் மாணவர் உங்கள் முன் வந்து நிற்கிறார். பாடத்திட்டப் பணிக்குக் குறைந்தது 12 கிரெடிட் இருக்கிறது. பதிவு முதல் ஒப்படைப்பு வரை ஆறாண்டு வரை அவகாசம் இருக்கிறது. ஆனால் சேர்ந்த கையோடு தலைப்பைக் கேட்கிறோம். இன்னும் எதையும் படிக்காத மாணவர், நூலகத்தில் இருக்கும் பழைய ஆய்வேட்டில் மாவட்டத்தின் பெயரை மாற்றிக்கொண்டு வருகிறார். வேறென்ன செய்வார்? முதல் ஆண்டைப் படிப்பதற்கும் களத்தைப் போய்ப் பார்ப்பதற்கும் விடுங்கள். கேள்வி மாறினால் தலைப்பை மாற்றுவதைப் பெரிய குற்றம் போல நடத்தாதீர்கள்.

புறத்தேர்வாளராகப் போகிற உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று நேர்மையாக எழுதிய ஆய்வேட்டைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் அதற்குத் திட்டு விழும் என்ற பயத்தில்தான், தரவைப் பார்த்த பிறகு கருதுகோளைத் திருத்தி எழுதுகிறார்கள். "சார், கருதுகோளை மாத்திக்கலாமா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் மாணவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "என்ன விடை வந்தால் நீ நினைத்தது தப்பு என்று ஒப்புக்கொள்வாய்?" தரவு திரட்டப் போகும் முன் அந்தப் பதிலை அவர் கையாலேயே எழுதி வாங்கி, தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். பதில் சொல்ல முடியவில்லையென்றால் அடுத்த பருவம் வரை அவகாசம் கொடுங்கள். அதுவரை தலைப்பில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு புள்ளியியல் ஆசிரியர்