டோரு பள்ளத்தாக்கு ஒருநாள் பயணம்: ஏன் மாற்றினோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போர்த்துகலின் போர்ட்டோ நகரிலிருந்து டோரு ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு நாங்கள் நடத்தும் ஒருநாள் பயணத்தை இந்தப் பருவம் முதல் மாற்றி அமைத்திருக்கிறோம். முன்பு மூன்று திராட்சைத் தோட்டங்களுக்குப் போனோம், இனி ஒன்றுக்கு மட்டும். முன்பு போகவும் வரவும் வேன்தான், இனி போகும்போது ரயில். கட்டணம் அதேதான். "மூன்றை ஒன்றாக்கிவிட்டு அதே காசா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ரயில் டிக்கெட், நம்மை எதிர்கொள்ள முன்கூட்டியே காலியாகப் போகும் வேன், தோட்டத்துக்குள் ஒன்றரை மணி நேரம் கூடவே நடந்து விளக்கும் ஆள், எல்லாம் இப்போது அந்தக் கட்டணத்துக்குள் வருகின்றன. ஆனால் மாற்றியதற்குக் காரணம் கணக்கு அல்ல. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பழைய திட்டத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் முக்கால் மணி நேரம்தான் கிடைத்தது. பீப்பாய் அறையைப் பார்ப்பது, சுவைப்பது, வேனில் ஏறுவது என்று ஓடினோம். மூன்றாவது இடத்துக்குப் போகும்போது எல்லோருக்கும் அலுப்பு வந்துவிடும். போன ஆண்டு எங்களோடு வந்த ஒரு வயதான அம்மா திரும்பும் வழியில் சொன்னார்: "மூன்று இடத்திலும் பீப்பாயைத்தான் காட்டினீர்கள் தம்பி. மலை முழுக்கச் சுவர் கட்டி வைத்திருக்கிறார்களே, அதை யார் கட்டினார்கள் என்று யாருமே சொல்லவில்லையே." அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் முதலில் பார்க்க வேண்டியதையே நாங்கள் ஜன்னல் வழியாகக் கடந்து போய்க்கொண்டிருந்தோம்.

இனி பயணம் இப்படி இருக்கும். காலையில் ரயில் ஏறுகிறோம். போகும்போது வலப்பக்க இருக்கையில் உட்காருங்கள், இதை மறக்க வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் சாதாரணமான ஊர்களும் காய்கறித் தோட்டங்களும்தான். பாலா என்ற ஊரை ஒட்டித் தண்டவாளம் ஆற்றங்கரைக்கு இறங்கும். அதன் பிறகு தண்ணீர் உங்கள் ஜன்னலுக்குக் கீழேயே ஓடும். இந்தப் பாதை 1879-ல் ரேகுவா என்ற ஊருக்கும், அடுத்த ஆண்டு அதைத் தாண்டிய பின்யாவ் என்ற ஊருக்கும் வந்தது. ரயில் வருவதற்கு முன்பு இங்கிருந்து ஒயின் கடற்கரைக்குப் போக ஆறுதான் முக்கிய வழி.

ரேகுவாவில் இறங்குகிறோம். வெள்ளை உடுப்பு அணிந்த பெண்கள் கூடையில் மிட்டாய் விற்பார்கள். தேனும் எலுமிச்சையும் சேர்த்த அந்த மிட்டாய் இந்த ஊரின் அடையாளம், வாங்கிப் பாருங்கள். அங்கிருந்து ஆற்றின் தென்கரையில் 222-ஆம் எண் சாலையில் பின்யாவுக்கு வேனில் சுமார் 27 கிலோமீட்டர். வளைவுகள் அதிகம். வயிறு புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, அந்த அம்மா கேட்ட சுவருக்கு வருவோம்.

இந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் மண் என்று சொல்லும்படி ஒன்று இருக்கவில்லை. இருந்தது சிஸ்ட் என்னும் பாறை. பழைய நோட்டுப் புத்தகத்தின் தாள்கள் போல அடுக்கடுக்காகப் பிளக்கும். கடப்பாறையும் சம்மட்டியும் வைத்து, பிறகு வெடிமருந்தும் வைத்து, அந்தப் பாறையை உடைத்தார்கள். பொடியானதை மண்ணாக்கினார்கள், பெரிய துண்டுகளைச் சுவராக அடுக்கி, மலைச்சரிவைப் படிப்படியான அடுக்கு நிலங்களாக்கினார்கள். சுண்ணாம்பு, சிமென்ட் எதுவும் இல்லாமல் கல்மேல் கல். மழை பெய்தால் தண்ணீர் கல்லிடுக்கு வழியே வடிந்துவிடும், சுவர் தாங்கும். கொடியின் வேரோ பாறைப் பிளவுகளில் பல மீட்டர் ஆழம் இறங்கி ஈரத்தைத் தேடும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலிலும் அது பிழைத்திருப்பது அப்படித்தான். அட்லாண்டிக் கடலின் மழைக்காற்றை மேற்கே மராவ் மலை தடுத்துவிடுகிறது. "ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம்" என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள்.

அந்தச் சுவர்களுக்கு நடுவேதான் நாம் நடக்கப் போகிறோம். சில அடுக்குகளில் கொடியே இருக்காது, புதரும் ஒலிவ மரமும்தான் இருக்கும். 1860-களில் வேரை அரிக்கும் பிலாக்ஸெரா பூச்சி இங்கே பரவி, தோட்டம் தோட்டமாக அழித்தது. பிற்பாடு அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டி மீண்டும் நட்டார்கள். எல்லா அடுக்குகளுக்கும் திரும்பிப்போக ஆளும் இல்லை, பணமும் இல்லை. விட்டுப்போன அடுக்குகளை 'மொர்த்தோரியு' என்கிறார்கள். செத்துப்போன நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் அவை தனியாகத் தெரியும். பக்கத்திலேயே 1970-களுக்குப் பிறகு இயந்திரத்தால் வெட்டிய, சுவரில்லாத மண்மேடு அடுக்குகளும் இருக்கும். டிராக்டர் போக அதுதான் வசதி. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்த்தால் உங்களுக்கே எல்லாம் விளங்கும். 2001-ல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மனிதர் கையால் உருவான நிலத்தோற்றம் என்ற வகையில் சேர்த்ததுதான் எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி.

இன்னொன்றையும் தேடிக் காட்டுவோம்: எல்லைக்கல். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்துக்குப் போகும் ஒயினில் கலப்படம் பெருகியது. நிறத்துக்காக எல்டர் மரப் பழச்சாற்றைச் சேர்த்தார்கள். பெயர் கெட்டது, விலை விழுந்தது. 1756-ல், பிற்காலத்தில் போம்பால் பிரபு என்று பெயர்பெற்ற அமைச்சர், ஒரு கம்பெனியை நிறுவி வணிகத்தை அதன் கையில் கொடுத்தார். ஏற்றுமதிக்கு ஏற்ற நல்ல ஒயின் எந்த நிலத்தில் விளையும் என்று எல்லை வகுத்து, மொத்தம் 335 கருங்கல் தூண்களை நட்டார்கள். 'ஃபெய்த்தோரியா' என்ற சொல்லும் ஆண்டும் அவற்றில் செதுக்கியிருக்கும். எல்டர் மரங்களைப் பிடுங்கச் சொல்லி உத்தரவும் வந்தது. விளையும் நிலத்துக்கு அரசே எல்லை போட்டு, விதி வகுத்த ஒயின் பகுதிகளில் உலகிலேயே மிகப் பழையவற்றில் இது ஒன்று. சாதாரண மக்களுக்கு இது இனிக்கவில்லை. கம்பெனியின் தனியுரிமையை எதிர்த்து 1757-ல் போர்ட்டோவில் கலகம் வெடித்தது, பலரைத் தூக்கிலிட்டார்கள். அந்தக் கல்லைத் தொடும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் போர்ட் ஒயின் செய்முறையை விளக்குவார்கள். அகலமான கருங்கல் தொட்டியில் பழத்தைக் கொட்டி, தோளில் கைபோட்டு வரிசையாக நின்று காலால் மிதிப்பது இன்றும் சில தோட்டங்களில் உண்டு. சாறு புளித்துக்கொண்டிருக்கும்போது, இனிப்பு முழுதும் தீர்வதற்குள், 77 சதவீதம் வீரியமுள்ள திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றுவார்கள். நொதித்தல் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் இனிப்பும் வீரியமும் சேர்ந்தே இருக்கின்றன. பெரும்பாலான போர்ட் 20 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், ஆகவே சின்னக் கிண்ணத்தில்தான் தருவார்கள்.

"நாங்கள் குடிப்பதில்லை, வரலாமா?" என்று நிறையப் பேர் தயங்கிக் கேட்கிறீர்கள். தாராளமாக வாருங்கள். சுவைக்கும் நேரத்தில் உங்களுக்கு அதே மலையின் ஒலிவ எண்ணெயும் ரொட்டியும் பாதாமும் வைக்கச் சொல்லியிருக்கிறோம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒயின் கிடையாது, இது போர்த்துகல் சட்டம். சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். இங்கே கீரை சூப் என்று தரும் 'கால்து வேர்த'யில் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். கேட்டால் இறைச்சி சேர்க்காமலே சமைத்துத் தரும் உணவகத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

மதியத்துக்கு மேல் பின்யாவிலிருந்து ஒரு மணி நேரப் படகு. ரபேலோ என்னும் தட்டையான அடியுள்ள படகின் வடிவத்தில், மோட்டார் வைத்தது. பழைய ரபேலோக்கள் பீப்பாய்களோடு பாறைகளுக்கும் சுழல்களுக்கும் நடுவே இறங்கி வந்தன. மேலே திரும்ப, காற்று இல்லாத இடங்களில் கரையிலிருந்து மாடு கட்டி இழுத்தார்கள். 1861-ல் வலேய்ரா என்ற நெருக்கில் ஒரு படகு கவிழ்ந்து, இந்த ஆற்றை வரைபடமாக்கிய ஜோசப் ஜேம்ஸ் ஃபாரெஸ்டரே மூழ்கிப்போனார். அதே படகில் இருந்த தோட்ட உரிமையாளர் தோனா அந்தோனியா ஃபெரெய்ரா பிழைத்தார். அவருடைய அகலப் பாவாடை மிதந்து காப்பாற்றியதாக இன்றும் சொல்கிறார்கள். இப்போது அணைகள் வந்து ஆறு ஏரிபோல அமைதியாகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை.

கடைசியாகப் பின்யாவ் ரயில் நிலையம். 1937-ல் பதித்த 24 நீலவண்ண ஓட்டுச் சித்திரங்கள் அதன் சுவர்களில் இருக்கின்றன. பழம் பறிப்பது, கூடை சுமப்பது, படகில் ஏற்றுவது என்று அன்று நீங்கள் கேட்டதெல்லாம் அங்கே வரைந்திருக்கும். முன்பு இதைத்தான் முதலில் காட்டினோம், ஐந்து நிமிடத்தில் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நடந்து முடித்தபின் காட்டினால் யாருக்கும் கிளம்ப மனம் வராது என்று நினைக்கிறோம். அப்புறம் வேனில் வடக்கே ஏறி, மராவ் மலையைக் குடைந்து 2016-ல் திறந்த சுரங்கப்பாதை வழியாக இரவுச் சாப்பாட்டுக்குள் போர்ட்டோ.

மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செப்டம்பரில் அறுவடை, ஊரே உயிரோடிருக்கும், ஆனால் சாலையில் டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போக நேரிடும். ஜூலை, ஆகஸ்டில் முதியவர்களையும் சிறு குழந்தைகளையும் அழைத்து வர வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறோம். எங்களைக் கேட்டால் மே அல்லது அக்டோபர் கடைசி. அக்டோபரில் இலைகள் சிவந்து மலை முழுக்கத் துருவின் நிறமாக இருக்கும்.

பழைய திட்டத்தை நம்பி ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கு: மூன்று தோட்டங்கள்தான் வேண்டும் என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறோம், காரணம் கேட்க மாட்டோம். புதிய திட்டத்தில் வருகிறவர்கள் பிடிமானமுள்ள காலணியோடும் தொப்பியோடும் வாருங்கள். அந்தச் சுவர்களின் படிகள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கற்கள்தான், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால், வேன் போகும் மேல்வழியில் அழைத்துப்போய் அதே இடத்தில் சேர்த்துவிடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்,
போர்ட்டோ