திடலில் இருப்பது நெருஞ்சி அல்ல: பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்கா பராமரிப்புப் பிரிவினருக்கு,

வணக்கம். விளையாட்டுத் திடலில் ‘நெருஞ்சி ஒழிப்புப் பணி நிறைவு’ என்று பலகை வைத்திருக்கிறீர்கள். அந்தப் பலகையின் காலடியிலேயே முள் கிடக்கிறது. ஒழித்ததாகச் சொல்லும் செடி அங்கே முளைக்கவே இல்லை என்பதுதான் காரணம்.

நெருஞ்சிக்கு இலை புளிய இலை மாதிரி, சிற்றிலைகள் இருபுறமும் அடுக்கி வரும். பூ மஞ்சள், ஐந்து இதழ். காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும். சைக்கிள் டயரையே பஞ்சராக்கும். திடலில் இருப்பதைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். இலை கேரட் தழைபோல நுணுக்கமாகப் பிரிந்திருக்கும். இதழ் வைத்த பூவே கிடையாது. இலை புறப்படும் இடத்தில் காம்பின்றிப் பச்சைப் பொத்தான் ஒன்று ஒட்டியிருக்கும். அதை நகத்தால் பிரித்தால் தட்டையான விதைகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒற்றை முள். இது தென் அமெரிக்காவிலிருந்து பரவிய சோலிவா செசிலிஸ். ஆஸ்திரேலியாவில் பிண்டி என்பார்கள். வேறு முட்செடிகளையும் அங்கே அப்படி அழைப்பதுண்டு என்பதால் பெயரை நம்பாமல் இலையைப் பாருங்கள்.

வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளிடம் கேட்டால் வித்தியாசம் தெரியும். நெருஞ்சி குத்தினால் முள் கண்ணுக்குத் தெரியும், பிடித்து இழுத்துவிடலாம். இதன் முள்ளோ மெல்லியது; நுனி முறிந்து தோலுக்குள் நின்றுவிட்டால் வெளிச்சமும் இடுக்கியும் பொறுமையும் வேண்டும். ஒரு முறை ஓடிவந்த பிள்ளைக்கு ஒரே பாதத்தில் பல இடங்களில் அப்படிக் குத்தியிருக்கும்.

நீங்கள் மருந்தடித்தது வசந்தம் முடியும் வேளையில். இது ஓராண்டுச் செடி, வெயில் ஏறினால் தானே காய்ந்துவிடும். சாகக் கிடந்த செடிக்கு மருந்துச் செலவு, பிறகு வெற்றிப் பலகைக்குப் பெயிண்ட் செலவு. செடி செத்தாலும் விதையும் முள்ளும் அப்படியே தரையில் கிடக்கின்றன. புல்வெட்டும் எந்திரத்துக்கும் இது சிக்காது, கத்திக்குக் கீழே படுத்துக்கொள்ளும். ஒட்ட வெட்டினால் புல் மெலிந்து இதற்குத்தான் இடம் கிடைக்கும். சக்கரத்திலும் காலணி அடியிலும் ஒட்டிய விதை பக்கத்துத் திடலுக்கும் போகும். (அங்கேயும் ஒரு பலகை வைக்கலாம்.)

கோபத்தில் கேட்க வந்ததை மறந்துவிடக் கூடாது. முதலில் செடியை அடையாளம் காணுங்கள், பிறகு மருந்தைத் தொடுங்கள். இது இலையுதிர்காலத்தில் முளைப்பது. முளைப்பைத் தடுக்கும் மருந்தென்றால் அதற்கு முன்பே இட வேண்டும். தவறினால் குளிர்காலத்தில், பொத்தான் வைப்பதற்கு முன், அகன்ற இலைக் களைக்கான மருந்து. வேர் ஆழமில்லை, ஈர மண்ணில் கையாலேயே வரும். ஆள் நடந்து இறுகிய இடங்களில் மண்ணைத் துளையிட்டு, புல்லை அடர்த்தியாக வளர விடுங்கள். அடுத்த பருவத்துக்கு முன் இதைத் தெரிந்த ஒருவர் திடலைச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அதுவரை அந்தப் பலகையை இறக்கி, ‘வெறுங்காலோடு வராதீர்கள்’ என்று மாற்றி எழுதி வைத்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
திடலைப் பயன்படுத்துவோர்