முறுக்கின் தட்டில் என்ன இருக்கிறது?

காக்ஸ் டவுன், பெங்களூரு

நம் அடுக்ககத்துப் பொங்கல் குழு நண்பர்களுக்கும் மாலை நேர பெஞ்சுப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பேஸ்மென்ட் லிஃப்ட் வாசலில் என் கையிலிருந்த பை கிழிந்து, எங்கள் நாய் முறுக்குக்கு வாங்கிய இரண்டு கிலோ ஆட்டு விலா எலும்பு தரையில் கொட்டியது. வாட்ச்மேன் அண்ணன் வாளியில் தண்ணீர் கொண்டுவருவதற்குள் ஐந்து பேர் பார்த்துவிட்டார்கள். மத்தியானம் அது "அந்த வீட்ல நாய்க்குப் பச்சைக்கறி போடறாங்களாம்" என்று மூன்றாம் மாடிக்கு ஏறியது. ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸாப் குழுவில் "ரத்த ருசி கண்ட நாய் குழந்தைகள் விளையாடும் இடத்தில் சுற்றுகிறது" என்று வந்து நின்றது.

பை கிழிந்தது என் தப்பு. சைவக் குடும்பங்கள் புழங்கும் இடத்தில் அப்படி நடந்திருக்கக் கூடாது, மன்னித்துக்கொள்ளுங்கள். இனி மூடி போட்ட டப்பாவில், சாமான் ஏற்றும் லிஃப்டில்தான் வரும். அசோசியேஷனுக்கு ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாயிற்று. உங்களுக்குத் தமிழில் எழுதக் காரணம், சந்தேகங்கள் எல்லாம் என் காதில் தமிழில்தான் விழுந்தன.

முதலில் அந்த ரத்த ருசி. சின்ன வயதில் எனக்கும் இதைத்தான் சொன்னார்கள்: பச்சைக்கறி தின்ற நாய் வெறிபிடித்து ஆளைக் கடிக்கும். வெறிநோய் ஒரு வைரஸ். நோய் கண்ட விலங்கு கடிக்கும்போது எச்சில் வழியாகப் பரவுகிறது. கடையில் வாங்கிய விலா எலும்பு எந்த நாயையும் வெறிநாய் ஆக்கியதில்லை. முறுக்குக்கு வருடாவருடம் தடுப்பூசி போட்ட அட்டை எங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, யாரும் வந்து பார்க்கலாம். நாய் கடிப்பது பயத்தில், வலியில், ஓட வழியில்லாமல் மாட்டிக்கொண்ட தவிப்பில். இன்னொன்றும் உண்டு, மறைக்க மாட்டேன். வாயில் எலும்பு இருக்கும்போது கிட்டே போனால் முறுக்கு உறுமுவான். ஒரு தடவை தேங்காய் மூடிக்கும் அதே மாதிரி உறுமினான். பிடித்த பொருளைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம்தான் அது. அதனால்தான் அவன் சாப்பாடு பால்கனியில், கதவைச் சாத்திக்கொண்டு.

இவனை அல்சூர் ஏரிப் பக்கத்திலிருந்து தூக்கி வந்த நாள் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். உள்ளங்கை அளவு உடம்பு, அதில் சுருட்டி வைத்த வால். முறுக்கு என்று பெயர் வைத்ததே எதிர்வீட்டு மாமிதான். ஒன்றரை வயது வரை பாக்கெட் தீனிதான் தின்றான். அப்புறம் சொறிய ஆரம்பித்தான். பாதத்தை நக்கி நக்கி, வெள்ளை முடியெல்லாம் துருப்பிடித்த ஆணி நிறத்துக்கு வந்துவிட்டது. காதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே கறுப்பு அழுக்கும், மூன்று நாள் புளித்த மாவு வாடையும். உண்ணி என்று நினைத்து மருந்து போட்டோம். ஷாம்பு மாற்றினோம். பாக்கெட்டையும் மாற்றினோம், கூடுதல் விலைக்கு.

கடைசியில் டாக்டர் ஒரு வழி சொன்னார். எட்டு வாரம் ஒரே ஒரு இறைச்சி, ஒரே ஒரு காய். ஆட்டுக்கறியும் பரங்கிக்காயும், வேகவைத்து. வேறு ஒரு பிஸ்கட் துண்டு கூட வாயில் படக்கூடாது. ஆறாவது வாரம் காதில் வாடை போய்விட்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். கோழி சேர்த்த மூன்றாம் நாள், ராத்திரி இரண்டு மணிக்கு, பின்னங்கால் தரையில் டப் டப் என்று அடிக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். கோழிதான் வில்லன். முன்பக்கம் ஆட்டுப் படம் போட்டு நான் அதிக விலைக்கு வாங்கிய அந்தப் பாக்கெட்டை அன்று ராத்திரியே திருப்பிப் பொடி எழுத்தில் படித்தேன். மூன்றாவது வரியில் கோழி மாவு!

அவனுக்கு வீட்டுச் சாப்பாடு வந்தது இப்படித்தான். வேகவைத்தது பச்சையாக மாறியது எலும்பால். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். வெறும் கறியை மாதக்கணக்கில் போட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். வளரும் குட்டி என்றால் கால் வளைந்துவிடும். அப்படியானால் எலும்பு வேண்டும். ஆனால் வெந்த எலும்பு ஊசி ஊசியாகச் சிதறும், தொண்டையிலோ குடலிலோ குத்தும். பார்ட்டி முடிந்து நீங்கள் பாசத்தோடு கீழே போடும் பிரியாணி எலும்பு அந்த ரகம். பச்சை விலா எலும்பு அந்த அளவுக்குச் சிதறாது, மெல்ல மெல்ல நொறுங்கும். முட்டை ஓட்டைப் பொடித்து வெந்த கறியில் கலந்தும் பார்த்தேன். ஒரு வாரம் தின்றான், எட்டாம் நாள் மோந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை.

அளவு சொல்கிறேன். அவன் 22 கிலோ. உடல் எடையில் இரண்டரை சதவீதம் என்று ஒரு நாளைக்கு 550 கிராம். அதில் பத்துக்கு எட்டுப் பங்கு கறி, ஒரு பங்கு மென்று தின்னக்கூடிய எலும்பு, ஒரு பங்கு உள்ளுறுப்பு. உள்ளுறுப்பில் பாதிதான் ஈரல், கூடினால் வைட்டமின் ஏ மிஞ்சிவிடும். இந்த எட்டு ஒன்று ஒன்று கணக்கை மந்திரம் போலச் சொல்லித் திரிபவர்கள் உண்டு. அது மட்டும் போதாது. துத்தநாகமும் வைட்டமின் ஈ-யும் குறையும் என்று டாக்டர் தனியாக எழுதிக் கொடுத்ததையும் கலக்கிறேன். மாட்டின் முழங்கால் எலும்பு மாதிரிப் பெரியவை எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை, பல் உடையும்.

வாங்குவது ரஸ்ஸல் மார்க்கெட்டில், ஞாயிறு ஆறு மணிக்கு. தொடைக்கறி இவ்வளவு விலை விற்கும் ஊரில் நாய்க்குத் தொடைக்கறியா என்று கேட்காதீர்கள். கழுத்து, விலா ஓரம், தலைக்கறி, இவைதான். பாய் இப்போதெல்லாம் எனக்கென்று எடுத்து வைக்கிறார். முதல் நாள் நாய்க்கு என்று சொன்னதும், "நல்லதா பாத்துத் தரேன், மனுஷங்கன்னாதான் பேரம் பேசுவாங்க" என்றார். நான் அன்றும் பேரம் பேசினேன், அது வேறு விஷயம். காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி என்று கறிக்கடை மூடும் நாட்களுக்கு ஃப்ரீசரில் சின்னச் சின்ன டப்பா இருக்கும்.

பெஞ்சில் நடுவில் உட்காரும் சாத்தூர் அண்ணாச்சியின் கேள்விக்கு வருகிறேன். "எங்க ஊர்ச் சிப்பிப்பாறை நாய் கம்பங்கஞ்சியும் கேப்பைக்கூழும் குடிச்சே முயலை விரட்டும். இதுக்கு மட்டும் என்ன பச்சைக்கறி கேக்குது?" என்றார். அண்ணாச்சி சொல்வது சரி. 2013-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான், நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை. மனிதனோடு சேர்ந்து கஞ்சி குடித்துப் பழகிய வயிறு அது. அதனால் "நாயும் ஓநாயும் ஒன்று, தானியம் விஷம்" என்ற பேச்சு என்னிடம் கிடையாது. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1990-களில் பரப்பிய பச்சை உணவு முறையைப் பின்பற்றுபவர்கள் சிலர் அப்படிப் பேசுவார்கள், எனக்கு ஒப்புதல் இல்லை. பாக்கெட் தீனி தின்று பதினைந்து வயது வாழ்ந்த நாய்களையும் பார்த்திருக்கிறேன். பச்சைக்கறி தின்றால் ஆயுள் கூடும் என்றும் நான் சொல்லவில்லை. இவனுக்கு எது ஒத்துக்கொண்டது என்பது மட்டுமே என் கணக்கு. ஆனால் அண்ணாச்சியிடம் நானும் ஒன்று கேட்டேன், பிடித்த முயலின் குடலும் தலையும் யாருக்குப் போகும் என்று. சிரித்துவிட்டார்.

இப்போது, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய, யாருமே கேட்காத கேள்விகள். பச்சை இறைச்சியில் சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் இருக்கலாம். ஃப்ரீசர் அவற்றைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. நாய்க்கு ஒன்றும் ஆகாமலேயே அதன் மலத்திலும் வாயிலும் கிருமி இருக்கலாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-ல் பச்சை இறைச்சி வேண்டாம் என்று அறிவித்ததற்கு மனிதர்களின் பாதுகாப்பும் ஒரு காரணம். அதைப் படித்துவிட்டுத்தான் தொடங்கினேன், அதனால்தான் எங்கள் வீட்டில் அவனுக்குத் தனிக் கத்தி, தனிப் பலகை, எவர்சில்வர் தட்டு, சாப்பிட்டதும் சோப்பும் கொதிநீரும். அரை மணியில் மிச்சத்தை எடுத்துவிடுவேன். வாயைத் துடைக்காமல் ஹாலுக்குள் விடுவதில்லை. முகத்தை நக்க அனுமதியே இல்லை.

இதைவிட நம் ஊருக்கு முக்கியமானது ஒரு நாடாப்புழு, எக்கினோகாக்கஸ். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக இருக்கும். அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் புழுவாகும், முட்டை மலத்தோடு வெளியே வரும். அந்த முட்டை ஒரு குழந்தையின் கைவழியாக வயிற்றுக்குள் போனால் ஈரலில் கட்டி உண்டாகி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். ஆகவே கறியும் எலும்பும்தான் பச்சை. ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல் எல்லாம் வெந்துதான் தட்டுக்கு வருகின்றன. இந்தப் புழுவுக்கான பிராசிகுவாண்டெல் உள்ள மாத்திரையை டாக்டர் சொன்ன இடைவெளியில், ஒரு தடவை கூடத் தவறாமல் கொடுக்கிறேன். மழையில் குடை பிடித்துக்கொண்டு அவன் மலத்தை நான் பொறுக்குவதைப் பார்த்து எட்டாம் மாடிப் பையன்கள் சிரிப்பார்கள். காரணம் இதுதான், தம்பிகளா.

போன வருடம் என் மாமியார் புற்றுநோய் சிகிச்சைக்காக வந்து நான்கு மாதம் தங்கினார். எதிர்ப்புச் சக்தி குறைந்த ஆள் இருக்கும் வீட்டில் இந்த விளையாட்டு வேண்டாம் என்று முதல் நாளே நிறுத்திவிட்டேன். வெந்த ஆட்டுக்கறி, கால்சியம் பொடி, நான்கு மாதமும். முறுக்கு முறைத்துக்கொண்டே தின்றான். அவர் ஊருக்குப் போன மறுவாரம்தான் மறுபடி ரஸ்ஸல் மார்க்கெட். உங்கள் யார் வீட்டிலாவது அப்படி ஒருவர் இருந்து, அவன் கிட்டே வருவது கவலையாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தத் தளத்துப் பக்கமே அவனைக் கூட்டிவர மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. ரத்த ருசி பற்றி எழுதிய அதே கைகள்தான் இந்த ஜனவரியில், மைதானத்தில் பொங்கல் வைத்த அன்று, அவனுக்கு வாழை இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தன. நெய் சொட்ட, முந்திரி, திராட்சையோடு. நாய்க்குத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், உலர்ந்ததும்தான். நான் ஓடி வந்து இலையைப் பிடுங்கியபோது, "பண்டிகை நாள்ல இப்படியா பண்றது" என்று ஒருவர் முகம் சுளித்தார். நெய்யைப் பற்றி அன்று பேசவில்லை, நேரமில்லை.

மாமி, தினமும் கிரில் கதவு வழியாக நீங்கள் கொடுக்கும் ஒரு கைப்பிடி தயிர்சாதம் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். அது தொடரட்டும், டாக்டரிடம் கேட்டாயிற்று. மோர்மிளகாய் மட்டும் வேண்டாம். சாம்பார் சாதமும் வேண்டாம், வெங்காயம் அவன் ரத்த அணுக்களைச் சிதைக்கும். "பாவம், ஒரு நாள் பருப்பு சாதம் போட்டா என்ன" என்று கேட்டீர்களே, வெங்காயமும் பூண்டும் இல்லாமல் போடலாம், வாருங்கள்.

குழந்தைகளிடம் ஒரு விஷயம் சொல்லி வையுங்கள். ஸ்கூல் பஸ் இறங்கியதும் முனை பேக்கரி சிக்கன் பஃப்ஸில் பாதியை அவனுக்குக் கொடுக்கிறார்கள். நல்ல மனசு. ஆனால் மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து காதில் மருந்து விடுவது நான்.

அன்புடன்,
முறுக்கு வீட்டிலிருந்து