அந்த வீடியோ பற்றியும் தை மாதக் கட்டணம் பற்றியும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தை முதல் தேதியிலிருந்து, குட்டி நீராவி ரயில் இஞ்சின்கள் செய்து பழுது பார்க்கும் நம் பட்டறையில் சில கட்டணங்கள் கூடுகின்றன. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அந்த வீடியோ உங்களில் பாதிப் பேருக்கு வந்து சேர்ந்துவிட்டது. மூன்று பேர் போன் செய்து, "என்னங்க, நம்ம பட்டறை வேலையா இது?" என்று கேட்டீர்கள். கேட்காதவர்கள் மனதுக்குள் வைத்திருப்பீர்கள். சரி, அதையே முதலில் பேசிவிடுவோம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தென்னந்தோப்பில் 45 மி.மீ. அகலத் தண்டவாளம். நாம் போன ஆவணியில் புதுப்பித்துக் கொடுத்த பச்சை இஞ்சின் இரண்டு சுற்று ஓடி, மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. புகைபோக்கியில் மஞ்சள் புகை. பின்னாலிருந்து ஒருவர், "இதுக்கா இத்தனை ரூபாய் அழுதே?" என்று சிரிக்கிறார். இஞ்சின் நின்றது எனக்குப் பெரிதில்லை, நீராவி இஞ்சின் என்றால் நிற்கத்தான் செய்யும். அந்தச் சிரிப்புதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

மறுநாளே போய் இஞ்சினை வாங்கி வந்து பிரித்தோம். பாய்லருக்குள் ஓடும் ஏழு புகைக்குழாய்களில் ஐந்து அடைத்திருந்தன. 8 மி.மீ. குழாய்க்குள் பிரஷ்ஷை விட்டால் தார் மாதிரி கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. கரி எரியும் தட்டிக் கம்பிகளின் மேல் சாம்பல் உருகிக் கெட்டியாகி, கருப்பட்டி அடை போல உட்கார்ந்திருந்தது. நெருப்புக்கு அடியிலிருந்து காற்றே வராதபோது இஞ்சின் என்ன செய்யும்? பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியில் வெள்ளையாக உப்புக்கோடு வேறு. போர் தண்ணீர்தான், சந்தேகமே இல்லை.

நிலக்கரி எங்கே வாங்கினீர்கள் என்று சொந்தக்காரரிடம் கேட்டேன். உலைக்கு அசாம் கரி வாங்கும் இடம் ஒன்றில் ஒரு மூட்டை வாங்கி, நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துப் போட்டிருக்கிறார். இது ஊரில் பலர் செய்வதுதான், அவரை மட்டும் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் கைவேலையில் குற்றம் என்று பேச்சு பரவும்போது, விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் இஞ்சினின் நெருப்புப்பெட்டி இரண்டு தீப்பெட்டியைச் சேர்த்து வைத்த அளவுதான். அதில் பட்டாணி அளவுக் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போட வேண்டும். பெரிய இஞ்சினில் சாம்பல் சேர்ந்தால் ஃபயர்மேன் நீளக் கம்பியால் கிளறிவிடுவார். நமக்கு அந்த இடமே கிடையாது. நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பாலும் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு சாம்பல். பத்து நிமிடத்தில் தட்டி மூடிக்கொள்ளும். நெய்வேலிப் பழுப்புக் கரியில் பாதி தண்ணீர். அசாம் கரியில் சாம்பல் குறைவுதான், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கந்தகம் அதிகம். ஓட்டி முடித்து இஞ்சின் ஆறும்போது ஈரத்தோடு சேர்ந்து அது அமிலமாகிச் செம்புக் குழாயையே அரிக்கும். இதையெல்லாம் அட்டையில் எழுதி, ஒவ்வொரு இஞ்சின் பெட்டியின் மூடியிலும் ஒட்டித்தான் கொடுக்கிறோம். அட்டையை யார் படிக்கிறார்கள் என்பது வேறு கதை.

நீராவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டரின் தண்டில் நீராவி கசிகிறது என்று வீடியோவில் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கசிந்தது உண்மை. கசியாமலிருக்கத் தண்டைச் சுற்றி வைக்கும் புது கிராஃபைட் நூல் சூட்டில் அமுங்கும், நட்டைக் கால் திருப்பு இறுக்கினால் நின்றுவிடும். பெரிய வண்டியிலும் இதே கதைதான்.

சுத்தம் செய்து, எலுமிச்சை உப்புக் கரைசல் விட்டு பாய்லரைக் கழுவி, பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்தோம். மண்ணெண்ணெயில் ஊறிய அடுப்புக் கரியைப் பற்றவைத்து, புகைபோக்கி மேல் பேட்டரி விசிறியை வைத்தோம். எட்டாவது நிமிடம் அழுத்தம் காட்டும் கேஜ் முள் 20 பவுண்டுக்கு வந்தது. விசிறியை எடுத்து, புகைபோக்கிக்குள் நீராவியை ஊதும் புளோயரைத் திறந்ததும் நெருப்பு தானாக 'கும்'மென்று பிடித்துக்கொண்டது. நாலு பெட்டியை இழுத்துக்கொண்டு முப்பத்தைந்து நிமிடம் நிற்காமல் ஓடியது. அதை நானும் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். பதிலுக்குப் பதில் வீடியோ அனுப்புவது நமக்குப் பழக்கமில்லை. வேண்டுமென்றால் பட்டறைக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

இனி கட்டணம். நம்மிடம் பதினோரு வருடம் பாய்லரின் செம்புத் துண்டுகளை வெள்ளிப்பற்று வைத்து இணைத்த பெரியவர், கண் ஆபரேஷனுக்குப் பிறகு மகன் வீட்டோடு போய்விட்டார். பரம்பரையாக நகைத்தொழில் செய்த கை. செம்பு எப்போது செவ்வரி ஓடும், வெள்ளி எந்த நொடியில் இளகி இணைப்புக்குள் ஓடும் என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்வார். நாம் வைக்கும் வெள்ளிப்பற்று 630 டிகிரியில் இளக ஆரம்பித்து 660-இல் முழுவதும் ஓடும், இடைவெளி அவ்வளவுதான். அந்தப் பற்றில் பாதிக்கு மேல் வெள்ளி. வெள்ளி விலை போகும் போக்கு உங்களுக்கே தெரியும், வீட்டில் கொலுசு வாங்கினவர்களைக் கேளுங்கள். புதிதாக ஒரு தம்பி சேர்ந்திருக்கிறான், நன்றாகத்தான் செய்கிறான். ஆனால் உங்கள் பாய்லரில் கை பழக அவனை விடமாட்டேன். அவன் தேறும்வரை புது பாய்லர் ஆர்டர் எடுப்பதில்லை, பழைய இஞ்சின்களுக்கும் ஆறு வாரம் என்றது நாலைந்து மாதம் ஆகும்.

பாய்லர் வேலைக்குக் கூலி ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. நாம் தரும் வேல்ஸ் நீராவிக் கரி கிலோ 480 ரூபாயிலிருந்து 650. பிரிட்டனின் வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் பக்கத்துத் திறந்தவெளிச் சுரங்கத்தை 2023 நவம்பரில் மூடியதிலிருந்து, அங்குள்ள பெரிய பாரம்பரிய ரயில்களே நல்ல நீராவிக் கரிக்கு அலைகின்றன. நமக்குக் கிடைப்பது கையிருப்பு வைத்திருந்தவர்களிடமிருந்து கப்பலில் வரும் சில மூட்டைகள்தான். இதில் எனக்கு லாபம் என்று யாராவது நினைத்தால், பில்லைக் காட்டத் தயார்.

ஆவணிக்குப் பிறகு இஞ்சின் எடுத்துப் போனவர்கள் வசதிப்படும்போது ஒருமுறை கொண்டுவந்தால் நல்லது, நம் சோதனை கேஜ் ஐந்தாறு பவுண்டு குறைத்துக் காட்டியிருக்கிறது, அதனால் அழுத்தம் மிஞ்சினால் நீராவியை வெளியே விடும் சேஃப்டி வால்வு 60 பவுண்டுக்குப் பதில் சற்று மேலே திறக்கலாம். தண்ணீர் வைத்துச் செய்த அழுத்தச் சோதனையும் அதே அளவு கூடுதலாகவே நடந்திருக்கிறது என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. மறுசோதனைக்குக் காசில்லை.

2020-இல் பட்டறை மூன்று மாதம் பூட்டிக் கிடந்தபோது, வேலை தொடங்காத இஞ்சினுக்கும் பாதிப் பணம் அனுப்பி, "மெதுவாச் செய்யுங்க" என்று சொன்னவர்கள் உங்களில் ஏழு பேர். ஒருவர் பெயரும் மறக்கவில்லை. ஊட்டி ரயிலின் எக்ஸ் வகை இஞ்சினை நம் தண்டவாளத்துக்கு, 22-இல் ஒரு பங்காக, நாலு வருடமாகச் சொந்தமாகக் கட்டிவரும் குன்னூர்க்காரரும் அதில் ஒருவர். நாலு சிலிண்டர், அதில் இரண்டு, மலை ஏறும்போது நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைப் பிடிக்கும் பல்சக்கரத்துக்கு. அவர் போனில் சந்தேகம் கேட்டால் எனக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது, அதுவும் சந்தோஷம்தான். வீடியோ வந்த அன்று இரவே, "உங்க வேலை எங்களுக்குத் தெரியும்" என்று ஒரு வரி அனுப்பியவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நன்றி.

பச்சை இஞ்சின் சொந்தக்காரரும் நம் வாடிக்கையாளர்தான். அவரை யாரும் எதுவும் கேட்க வேண்டாம். இரண்டு கிலோ கரியோடு திருப்பிக் கொடுத்தாயிற்று.

வரும் சனிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பட்டறை வாசலில் தீ மூட்டுகிறோம். கரி நான் தருகிறேன். வருபவர்கள் ஒரு கேன் மழைத்தண்ணீர் கொண்டுவந்தால் உதவி, இங்கே குழாயில் நல்ல தண்ணீர் வந்து நாலு நாள் ஆகிறது.

அன்புடன்,
பட்டறைக்காரர்
கணபதி, கோவை