சின்னப் புள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க: பெத்தவங்களுக்கு எச்.எம். எழுதுற லெட்டர்

நம்ம ஸ்கூல் புள்ளைங்களோட அம்மா, அப்பா, அப்பத்தா, அம்மாச்சி எல்லாருக்கும் வணக்கம்.

அட்மிஷன் நேரம் வருது. பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு வேலைய விட்டுட்டு எல்லாராலயும் வர முடியல, அதான் வாட்ஸ்அப்ல எழுதுறேன், படிக்கத் தெரியாதவங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க கொஞ்சம் வாசிச்சுக் காட்டிருங்க.

உங்க வீட்ல மூணு வயசுலயோ நாலு வயசுலயோ ஒரு புள்ள இருந்தா, அஞ்சு வயசு ஆகட்டும், ஒன்னாப்புல சேத்துக்கலாம்னு வீட்லயே வச்சிருக்காதீங்க. நம்ம காம்பவுண்டுக்குள்ளயே அங்கன்வாடி இருக்கு, எல்கேஜி யூகேஜி நடக்குது, ஃபீஸ் கெடையாது, மத்தியானச் சாப்பாடு, முட்டை, சத்துமாவு எல்லாம் உண்டு. 2019ல நடுநிலைப் பள்ளிகள்ல இருக்குற 2,381 அங்கன்வாடிகள்ல இத ஆரம்பிச்சாங்க, நம்மளுது அதுல ஒன்னு. 2022ல நிறுத்தப் போறாங்கன்னு செய்தி வந்துச்சே ஞாபகம் இருக்கா, எதிர்ப்பு கெளம்புனதும் தொடரும்னு சொல்லிட்டாங்க. கேட்டதால கெடச்சது, ஆளு சேரலேன்னா திரும்பவும் போயிரும்.

கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் தான் உரிமைனு சொல்லுது. அதுக்கு முன்னாடி உள்ள வயசுக்கு அரசாங்கம் ஏற்பாடு செய்யலாம்னு தான் இருக்கு, செய்யணும்னு இல்ல. எனக்கு இதுல ரொம்ப நாளா வருத்தம். வசதி உள்ள வீட்டுப் புள்ள மெட்ரிக்ல ரெண்டு வருஷம் எல்கேஜி யூகேஜி முடிச்சிட்டு, பாட்டு கதை எல்லாம் கேட்டு, க்ரேயான் புடிச்சுக் கிறுக்கிப் பழகி ஒன்னாப்புக்குப் போகுது, நம்ம புள்ள அன்னைக்குத் தான் மொதல் தடவ பென்சிலத் தொடுது. அந்த ரெண்டு வருஷத்த அப்புறம் எட்டிப் புடிக்க டீச்சரும் புள்ளையும் படுற பாடு எனக்குத் தெரியும். அமெரிக்கால மிச்சிகன்ல 1962ல ஆரம்பிச்சு 123 ஏழை வீட்டுப் புள்ளைங்கள, பாதிப் பேர பாலர் வகுப்புக்கு அனுப்பி மீதிப் பேர அனுப்பாம, 40 வயசு வரைக்கும் தொடர்ந்து கவனிச்சாங்க. போனவங்கள்ல ஸ்கூல் படிப்ப முடிச்சவங்க அதிகம், சம்பாத்தியமும் கூட.

இன்னொன்னு, இதச் சொல்லும்போது யாரும் கோவிச்சுக்கக் கூடாது. நீங்க விடியறதுக்கு முன்னாடியே மல்லிகைப்பூ பறிக்கக் கெளம்பிர்றீங்க, அப்ப கைப்புள்ளைய யாரு பாக்குறா? மூனாப்பு நாலாப்பு படிக்கிற அக்கா தான். அவ லீவு போட்டா ரிஜிஸ்டர்ல ஆப்சென்ட்னு மட்டும் தான் விழும், காரணம் விழாது. தம்பிய அங்கன்வாடில விட்டுட்டா ரெண்டு புள்ளையும் ஒரே நேரத்துல படிக்கும். அண்ணன்கள் லீவு போட்டு தம்பிய வச்சுக்கிட்டு நான் பாத்ததே இல்ல, பொம்பளப் புள்ளைங்க தான் இதுக்கு மாட்டுறாங்க.

செங்கல் சூளைக்கு, கரும்பு வெட்டப் போற குடும்பங்களுக்கு ஒரு வார்த்த. போற ஊர்லயும் ஸ்கூல்ல சேக்கலாம், டிசி வரலேன்னோ பர்த் சர்டிபிகேட் இல்லேன்னோ திருப்பி அனுப்பக் கூடாதுன்னு அதே சட்டத்துல இருக்கு. போறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிட்டுப் போங்க, அந்தப் பக்கத்து எச்.எம். கிட்ட நானே போன்ல பேசுறேன்.

சில பேரு எங்கிட்ட கேட்டீங்க, பாதில வர்ற புள்ளைங்களுக்கே டீச்சர் நேரம் போயிருது, எங்க புள்ள என்ன ஆகுறதுன்னு. நியாயமான கவலை தான். எழுதப் படிக்க, கணக்குப் போட சொல்லிக்குடுக்குற எண்ணும் எழுத்தும் வகுப்புல அரும்பு, மொட்டு, மலர்னு மூணு படியாப் பிரிச்சு (அரும்பு தான் மொதப் படி) புள்ள நிக்கிற எடத்துல இருந்து சொல்லிக்குடுக்குறோம், மலர்ல இருக்குற புள்ளைக்கு அதுக்கேத்த வேலை இருக்கு. அரும்புல இருக்குற புள்ளைக்குக் கொஞ்சம் அதிக நேரம் குடுக்கத் தான் செய்வோம், அத நான் மாத்த மாட்டேன். ஒரு புள்ளைக்குக் காய்ச்சல்னா அதுக்குத் தான மாத்திரை குடுப்பீங்க, வீட்ல எல்லாருக்குமா குடுப்பீங்க? அரும்புன்னு போட்டிருக்கேன்னு புள்ளைய மட்டும் திட்டாதீங்க, தயவுசெஞ்சு.

அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ டாக்டர் டீம் வரணும், காது, கண்ணு, பேச்சு எல்லாம் பாப்பாங்க. பேச்சு லேட்டா வர்ற புள்ளைய 'அவங்கப்பனும் லேட்டா தான் பேசுனான்'னு விட்டுறாதீங்க, காது கேக்காததாக்கூட இருக்கலாம், அத எவ்வளவு சீக்கிரம் கண்டுபுடிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

காலைச் சாப்பாடு பத்தியும் கேக்குறீங்க. 2022 செப்டம்பர் 15 அன்னைக்கு நம்ம மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் ஸ்கூல்ல தான் அந்தத் திட்டத்த ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துச்சு, ஆனா 1ல இருந்து 5ம் வகுப்பு வரைக்கும் தான். அக்கா பொங்கல் சாப்புடுறத பக்கத்துல தம்பி பாத்துக்கிட்டு நிக்கிறது எனக்குப் பொறுக்கல. அங்கன்வாடிப் புள்ளைங்களுக்கும் வேணும்னு எஸ்எம்சில, அதாவது பள்ளி மேலாண்மைக் குழுல, தீர்மானம் போட்டு மேல அனுப்பலாம்னு இருக்கேன். அந்தக் குழுல முக்கால்வாசிப் பேரு பெத்தவங்களா இருக்கணும், பாதிப் பேரு பொம்பளைங்களா இருக்கணும்னு சட்டம், அதனால கையெழுத்துப் போட உங்க ஆளுங்க தான் வேணும். கூலி போயிருமேன்னு தான் வர மாட்டேங்குறீங்க, அதுனால அடுத்த கூட்டத்த சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வைக்கிறேன், சின்னப் புள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க, அன்னைக்கே எல்கேஜிக்குப் பேரு எழுதிக்கலாம், ஆதார் கைல இல்லேன்னாலும் வாங்க.

இப்படிக்கு,
உங்க எச்.எம்.