வேலி பூவைக் காக்கும், அந்துப்பூச்சிக்கு அது போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

காட்டைப் பூங்காவாக அறிவித்துவிட்டால் அங்குள்ள உயிர்களுக்கு இனி ஆபத்தில்லை என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. வேரூன்றி நிற்கும் செடிக்கு அது ஓரளவு சரி. பறந்து இடம்பெயரும் பூச்சிக்குச் சரிவராது. ஆஸ்திரேலியாவின் கோசியஸ்கோ மலையில் இரண்டையும் பார்க்கலாம்.

அங்கே பனி உருகும் ஓரங்களில் பூப்பது அனிமோன் பட்டர்கப் என்ற வெள்ளைப் பூ. ஆடுகள் தின்று தீர்த்ததால், அவை ஏற முடியாத பாறை இடுக்குகளில்தான் மிஞ்சியது. 1944இல் பூங்கா அமைந்தது. மேய்ச்சலைப் படிப்படியாக நிறுத்தினார்கள். செடி மீண்டும் பரவியது.

போகோங் அந்துப்பூச்சி கோடையைக் கழிப்பதும் அந்த மலைகளின் குகைகளில்தான். ஒரு சதுர மீட்டர் பாறையில் 17,000 பூச்சிகள் வரை, ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடக்கும். ஆனால் அது புழுவாக வளர்வது சமவெளிப் புல்வெளிகளில். அங்கிருந்து 1,000 கிலோமீட்டர் வரை இரவில், விண்மீன்களையும் பார்த்துத் திசையறிந்து பறந்து வருகிறது. 2017 முதல் நீடித்த வறட்சியில் சமவெளி காய்ந்தது, குகைகள் வெறிச்சோடின. பூங்கா அப்படியேதான் இருந்தது. 2021இல் போகோங் அந்துப்பூச்சி அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. அதைத் தின்று வாழும் மலைக் குள்ளப் போசம் என்ற சிறு பைப்பாலூட்டியும் பட்டினியில் குட்டிகளை இழந்தது.

போகோங் அந்துப்பூச்சியின் வழியில் குறுக்கிடும் இன்னொன்று நகர வெளிச்சம். நம் தோட்டப்புறங்களிலும் இதே சிக்கல் உண்டு. ஆலை, கோயில், பந்து மைதான விளக்குகளில் வந்து மோதும் அட்லஸ் அந்துப்பூச்சிக்கு இரை தின்ன வாயே கிடையாது. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பை வைத்து ஒன்றிரண்டு வாரமே வாழும். ஓரிரவு விளக்கைச் சுற்றினாலே இணைசேரும் வாய்ப்பு போய்விடலாம்.

பூச்சி செத்தால் செம்பனைக்கு நல்லதுதானே என்பவர்களுக்கு: செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழு (bagworm) என்ற அந்துப்பூச்சி இனத்தின் பெண்ணுக்குச் சிறகே இல்லை. அது கூட்டைவிட்டு விளக்குக்கு வராது.

செய்யவேண்டியது எளிது. வெள்ளை எல்இடிக்குப் பதிலாக 2,200 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சள் விளக்கு போடுங்கள். பல்பு பக்கவாட்டில் தெரியாதபடி மூடி பொருத்தி, வெளிச்சத்தை நேர் கீழே விழச் செய்யுங்கள். பல்பை மட்டும் மாற்றி, விளக்கை வானம் பார்க்கச் சாய்த்து வைத்தால் பயனில்லை. காவலுக்குத் தேவையான இடத்தில் ஆள் நடமாட்டத்துக்கு எரியும் சென்சார் போதும். மற்றவற்றை இரவு 11 மணிக்கு டைமர் அணைத்துவிடட்டும். நகராண்மைக் கழகம் தெருவிளக்குகளை மாற்றும்போதே இதைச் சேர்த்துச் செய்ய வேண்டும்.

தோட்டப்புற வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்